சேற்றுக்காரி எழுந்தால்

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டெலி எழுதுகிறேன். என் இருமல் போய்விட்டது, சோம்பல்தான் இன்னும் போகவில்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் தோள்வலி தேவலையா?

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் "ஏதோ பொம்மைக் கம்பெனி" என்று நீ மழுப்புவதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். பொம்மை இல்லை அக்கா. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். "கதவைத் திறக்கிறேன்", "சுவரேறிக் குதிக்கிறேன்" என்று அவர்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதை எங்கே போய் முடியும் என்று நடத்துபவருக்கே தெரியாது.

ராட்சசன், மந்திரவாதி என்று எழுதி எனக்கு அலுத்துவிட்டது. நிஜமாக நடந்த ஒன்றை வைத்து எழுதிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அத்தானின் அப்பா பிறப்பதற்கு முன்பே உங்கள் ஊர் அணை ஒருமுறை உடைந்ததாம். பழைய செய்தித்தாளில் தேடிப் பார்த்தேன், நாலு வரிதான் கிடைத்தது. அங்கே சேற்றுக்காரி என்று ஒருத்தியைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள் என்று கல்யாணமான புதிதில் நீ எழுதியிருந்தாயே, அந்தக் கதை எனக்கு வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதே.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

*

மே 21

சுண்டெலிக்கு,

உன் கடிதம் வந்தது. தோள்வலி இருக்கத்தான் செய்கிறது. தையல்காரிக்குத் தோள் வலிக்காமல் வேறு எங்கே வலிக்கும்? அத்தான் சுகம். தினமும் காலையில் அணையைச் சுற்றி நடந்து, கசிவை அளந்து எழுதிவிட்டு வருகிறார்.

மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று கதை வந்தது. என் கடைக்கு எதிரே இருக்கும் முடிதிருத்துபவர் சொன்னது இது. முதல் அணை கட்டும்போது மண் சுமந்த ஒருத்தி கரை சரிந்து உள்ளே மூடிப்போனாள். மழை வரப்போகிறதென்று அவளைத் தோண்டி எடுக்காமல் மேலே மண்ணைக் கொட்டிக் கட்டிவிட்டார்கள். அவள் பழிவாங்கக் காத்திருக்கிறாளாம். மாவு மில்காரர் பழி இல்லை என்கிறார். மேட்டில் தூங்கப் போட்டுவிட்டு வந்த குழந்தையைத்தான் அவள் தேடுகிறாளாம். அணையின் அடியில் கசிகிற தண்ணீர் அவள் கண்ணீர். அது தெளிவாக வந்தால் அவள் அழுகிறாள் என்று அர்த்தம். கலங்கி வந்தால் மண்ணோடு எழுந்துகொண்டிருக்கிறாள். பேருந்து ஓட்டுநர் சொன்ன கதையில், எழுந்ததும் அவள் வீடு வீடாக வந்து, அந்த வீட்டு ஆளின் குரலிலேயே கூப்பிடுவாளாம்.

பக்கத்து மருந்துக்கடைக்காரி, "இதெல்லாம் கேட்டு எழுதுறதுக்கு உன் தம்பிக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா?" என்று சிரித்தாள்.

ஆனால் மூன்று கதையிலும் ஒன்று மாறவில்லை. கீழ்ச்சாலையில் ஓடியவர்கள் யாரும் பிழைக்கவில்லை. மில்லுக்குப் பின்னால் பாறை மேட்டில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். குரல் கேட்டுத் திரும்பிப் போனவர்கள் வரவே இல்லை.

செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்னிடம்தான் துணி தைக்கிறார்கள். யார் பெயரையும் எழுதித் தொலைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜூன் 17

அன்பு அக்கா,

இங்கே சுகம், உங்கள் சுகம் அறியக் காத்திருக்கிறேன்.

நீ சொன்னபடி ஒரு பெயரும் இல்லை, ஊரும் இல்லை. வரலாற்றிலிருந்து எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். சதையும் தோலும் என்னுடையவை. ஒரு மலை இடுக்கு, ஒரு தெரு, மேலே ஒரு மண் அணை. விளையாடுகிறவர்கள் அந்தத் தெருவாசிகள். தண்ணீர் கலங்கியது தெரிந்ததும் மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறும்போது வீட்டு ஆட்களின் குரலில் அவள் கூப்பிடுவாள். நிஜக் குரலா அவள் குரலா என்பது கதை நடத்துபவருக்கு மட்டுமே தெரியும். திரும்பினால் தீர்ந்தது.

நண்பர்களை வைத்து ஒத்திகை பார்த்தேன். நான் ஒருவனுடைய தங்கையின் குரலில் கூப்பிட்டேன். அவன் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "போதும்டா, எனக்கு இது வேணாம்" என்று எழுந்து போய்விட்டான். பேயைவிடப் பழக்கப்பட்ட குரல் இவ்வளவு பயமுறுத்தும் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். விளையாடிப் பார்த்துவிட்டுக் குறைகளைச் சொல். அணையடியில் இருக்கும் உங்களைவிடப் பொருத்தமான ஆட்கள் எனக்கு எங்கே கிடைப்பார்கள்?

தம்பி

*

ஜூலை 14

சுண்டெலிக்கு ஆசிகள்.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். பொட்டலம் வந்தது. அணை அலுவலகத் தபால் பையில் வந்ததால் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். அணை ஊழியர் குடியிருப்புக்கு வருகிற தபால் எல்லாம் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் துணி வெட்டுகிற மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடினோம். நான்தான் கதை நடத்தினேன். முடிதிருத்துபவர், "என் கடைக் கண்ணாடியைத் தூக்கிட்டு ஓடறேன்" என்றார். பகடை விழுந்தது, கண்ணாடியோடு அவரும் போனார். "போன மாசம்தான்மா மாத்துனேன்!" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். மருந்துக்கடைக்காரி ஒருமுறைகூடச் சாகவில்லை. எந்தக் குரலுக்கும் அவள் அசையவில்லை, கல்நெஞ்சக்காரி.

அத்தான் என்னை அழைத்துப்போக வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தண்ணீர் கலங்குகிறது" என்று நான் சொன்னதும், பிடித்திருந்த குடையை மடக்காமலே திரும்பி நடந்துவிட்டார். வீட்டுக்குப் போய்க் கேட்டால் தலைவலி என்றார்.

சில மாற்றங்கள் வேண்டும். தெரு எங்கள் தெரு மாதிரியே இருக்கட்டும், படம் வரைந்து வைத்திருக்கிறேன். எழுந்து நடக்க முடியாத ஒருவரும் கதையில் வேண்டும். மருந்துக்கடைக்காரியின் மாமியார் அப்படித்தான் கட்டிலில் இருக்கிறார். அவரைத் தூக்க எத்தனை பேர் வேண்டும், எந்த வழியாகத் தூக்கலாம் என்று விளையாடுகிறவர்கள் யோசிக்கும்படி செய். கலங்கின பிறகு நீ அதிக நேரம் கொடுத்திருக்கிறாய். அவ்வளவு கிடைக்காது. குறை.

அக்கா

*

ஆகஸ்ட் 5

அன்பு அக்கா,

நலமாக இருக்கிறேன். அத்தானின் தலைவலி எப்படி இருக்கிறது?

எல்லாவற்றையும் மாற்றி அனுப்பியிருக்கிறேன், ஆனால் ஒரு முறையீடு உண்டு. நேரத்தை இப்படிக் குறைத்தால் பாதிப் பேர் முதல் சுற்றிலேயே செத்துப்போவார்கள். அப்புறம் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? விளையாடுகிறவன் கொஞ்சம் ஜெயிக்கவும் வேண்டும் அக்கா. சட்டை தைக்கச் சொன்னால் நீ சவத்துணி தைக்கிறாய்!

"அவ்வளவு கிடைக்காது" என்று எழுதியிருக்கிறாய். அதை யார் சொன்னது? அத்தானா?

தம்பி

*

ஆகஸ்ட் 24

சுண்டெலிக்கு,

சுகம். இன்னும் பத்துப் பதினைந்து பிரதிகள் அனுப்பு. தெருவில் எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது. பேருந்து ஓட்டுநர்கூடத் தன் வீட்டில் வைத்து விளையாடுகிறார். அவரவர் வீட்டிலிருந்து பாறை மேட்டுக்கு எது குறுக்கு வழி என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டு ஜன்னலில் பாட்டில்கள் சேர்ந்துவிட்டன, வைக்க இடமில்லை.

மழை சீக்கிரமே வரும் போலிருக்கிறது. பிரதிகளைத் தாமதிக்காதே.

அக்கா

*

செப்டம்பர் 9

அக்கா,

பிரதிகள் அனுப்பிவிட்டேன். நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்ன பாட்டில், எதற்குப் பாட்டில்?

நீ கேட்ட மாற்றங்களை எல்லாம் ஒன்றாக வைத்துப் படித்தேன். விளையாட்டில் ருசி கூட்டுவதற்காக யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள். அங்கே தண்ணீர் எப்படி இருக்கிறது? அதை மட்டும் சொல்.

தம்பி

*

செப்டம்பர் 26

என் கண்ணே,

இதை அலுவலகப் பையில் போடவில்லை. பேருந்து ஓட்டுநர் அடுத்த ஊரில் தபாலில் சேர்ப்பார். இனி நீயும் அவர் வீட்டு முகவரிக்கே எழுது. முகவரி பின்பக்கம் இருக்கிறது.

தண்ணீர் கலங்கித்தான் வருகிறது. வெயில் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அத்தான் முதலில் யாரிடமும் சொல்லாமல் கசிவு நீரைப் பாட்டிலில் பிடித்து வந்து ஜன்னலில் வைத்தார். மறுநாள் பார்த்தால் அடியில் விரல் நக அளவுக்கு மண் படிந்திருந்தது. அடுத்தடுத்த பாட்டில்களில் அது ஏறிக்கொண்டே போகிறது. தண்ணீரோடு மண்ணும் வந்தால் அணைக்குள் துளை விழுகிறது என்று பொருளாம். துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் அவகாசமே இருக்காதாம்.

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னார். அவரும் பயந்துதான் போயிருக்கிறார். மேலே எழுதிக் கேட்டதற்கு, மழை முடிந்ததும் பழுது பார்க்கலாம், அதுவரை வெளியே மூச்சு விடக் கூடாது, விட்டால் வேலையும் வீடும் போகும் என்று உத்தரவு வந்ததாம். அத்தான் இப்போது என்னிடமும் பேசுவதில்லை. ராத்திரி தூங்காமல் பாட்டில்களின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

என்னால் தெருவில் நின்று கத்த முடியவில்லை. கத்தினால் கீழ்ச்சாலையில்தான் ஓடுவார்கள். உன் விளையாட்டு வந்ததும், இதை வைத்தாவது வழியைப் பழக்கிவிடலாம் என்று தோன்றியது. சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்கிறார்கள் பாவம்.

என்னைப் புறப்பட்டு வரச் சொல்லாதே. நான் பெட்டியோடு பேருந்து ஏறிவிட்டு இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அக்கா

*

அக்டோபர் 6

அக்கா,

கடிதம் கிடைத்த அன்றே தலைமை அலுவலகத்துக்குப் போனேன். நாள் முழுக்க உட்கார்த்தி வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். உன் பெயரையோ அத்தான் பெயரையோ நான் சொல்லவில்லை.

"அணையைப் பத்திப் பேச நீங்க யாரு? இன்ஜினியரா?"

"இல்ல சார். விளையாட்டு எழுதறவன்."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "அப்ப போய் விளையாடுங்க தம்பி. மழை முடியட்டும், பாத்துக்கலாம்."

நடைவழியில் ஒரு குமாஸ்தா பின்னாலேயே வந்தார். "அங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். அக்கா இருக்கிறாள் என்றேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "உடனே கிளம்பி வரச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

நீ வேண்டாம் என்றாலும் சொல்கிறேன், வந்துவிடு. என் பங்குக்கு இரண்டு பத்திரிகை அலுவலகங்களுக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

தம்பி

*

அக்டோபர் 25

அக்கா,

இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, பதில் இல்லை. இங்கே மழை விடவில்லை. அங்கே சாலை அடைபட்டிருக்கிறது, பேருந்து போகாது என்று நிலையத்தில் சொல்கிறார்கள். அலுவலகத் தொலைபேசிக்கு முயன்றேன், மணி போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை.

ஒரு வரி போதும். அத்தான் எழுதினாலும் சரி.

தம்பி

*

நவம்பர் 8

என் சுண்டெலிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். அத்தானும் இருக்கிறார். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி. உன் இரண்டு கடிதமும் ஓட்டுநர் சட்டைப்பையில் ஊறிப்போய் நேற்றுத்தான் கைக்கு வந்தன. இப்போது மேட்டில் உள்ள பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தங்கியிருக்கிறோம்.

அணை உடைந்த அன்று காலை நான் கடையைத் திறந்து இயந்திரத்தில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. தெரு மேல்முனையிலிருந்து அத்தான் ஓடி வந்தார். அலுவலகச் சட்டை, ஒரு காலில் மட்டும் செருப்பு. உத்தரவு, உடைப்பு, துளை என்று எதையும் அவர் சொல்லவில்லை. இருபது வருஷம் குரலை உயர்த்தாத மனுஷன் நடுத்தெருவில் நின்று, "சேத்துக்காரி எழுந்துட்டா! எல்லாரும் மேட்டுக்கு!" என்று அலறினார்.

ஒருவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. முடிதிருத்துபவர் பாதி முகம் சவரமான ஆளை நாற்காலியிலிருந்து இழுத்துக்கொண்டு ஓடினார். கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மில்காரரும் அவருமாக மருந்துக்கடை மாமியாரைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழ்ச்சாலைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. நீ இதைப் பார்த்திருக்க வேண்டும்.

மருந்துக்கடைக்காரி அப்போது கடையில் இல்லை. தெருக்கோடி வீடுகளில் கதவைத் தட்டி ஆட்களைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். மாமியாரைத் தூக்கிப் போனதை அவள் பார்க்கவில்லை. நானும் அவளும் கடைசியாகத்தான் மில்லுக்குப் பின்னால் ஏறினோம். பாதி ஏறியிருப்போம், கீழே தெருவிலிருந்து அவள் மாமியார் குரல் கேட்டது. "அம்மாடி, எங்க இருக்கே? அம்மாடி!"

எனக்கும் கேட்டது தம்பி. தெளிவாகக் கேட்டது.

"ஐயோ, அத்தை வீட்டுலதான் இருக்காங்க!" என்றாள்.

"இல்லடி, அவங்களை மேல தூக்கிட்டுப் போயிட்டாங்க. நான் பாத்தேன்!" என்று கையைப் பிடித்தேன்.

"எங்க அத்தை குரல் எனக்குத் தெரியாதா?"

குரல் மறுபடியும் வந்தது. கீழேயிருந்துதான் வந்தது. பலகையில் போனதை என் கண்ணால் பார்த்தவள் நான். எனக்கே ஒரு நொடி சந்தேகம் தட்டியது, பிடி தளர்ந்தது. அவள் உதறிக்கொண்டு இறங்கிவிட்டாள். விளையாட்டில் எந்தக் குரலுக்கும் அசையாதவள்.

அப்புறம் நீ எழுதிய மாதிரி எதுவும் வரவில்லை. இரைச்சல்கூட முதலில் இல்லை. மலை இடுக்கு முழுவதும் மண்வாசனை வந்தது. பிறகு பழுப்பாக ஒரு சுவர் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மேலே ஏறியதும்தான் புரிந்தது. மாமியார் பாறை மேட்டில் பலகையில் கிடந்தபடி மருமகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் குரல் எதிர்ப் பாறையில் பட்டுத் தெருவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டிருக்கிறது. மறுநாள் மில்காரரை மேட்டில் நின்று கத்தச் சொல்லிவிட்டு நான் பாதி வழி இறங்கி நின்று பார்த்தேன். அவர் கீழே நின்று கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. முதல் தடவை அணை உடைந்தபோதும் இதுவேதான் நடந்திருக்கும். மேலே தப்பியவர்கள் ஆசையாகக் கூப்பிட்டிருப்பார்கள், அதைக் கேட்டு இறங்கியவர்கள் போயிருப்பார்கள். அந்தப் பழியைப் பாவம் ஒரு மண் சுமந்தவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஊரே பிழைத்தது, அவள் ஒருத்திதான் போனாள். அத்தானை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். போகட்டும், கேட்டால் எல்லாவற்றையும் சொல்வேன் என்கிறார். இப்போது ராத்திரி தூங்குகிறார்.

உன் விளையாட்டை அச்சடிக்கலாமா கூடாதா என்று நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்வாய். அச்சடி. குரல் வருகிற இடத்தை மட்டும் மாற்றி எழுது. சேற்றுக்காரி யாரையும் கூப்பிடுவதில்லை. மேலே போய்ச் சேர்ந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. துணியை வீசிக் காட்டலாம், கையை ஆட்டலாம், பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் போடு. இங்கே மட்டுமா மலை இடுக்கு இருக்கிறது?

மருந்துக்கடை மாமியாரை என் அறையில்தான் வைத்திருக்கிறேன். யாரும் அவரிடம் விளக்கிச் சொல்லவில்லை. மில்காரர் கத்தியதையும் நான் இறங்கிப் போனதையும் பார்த்துவிட்டுத் தானே புரிந்துகொண்டார். அன்றிலிருந்து அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் தம்ளரால் தட்டுகிறார். நான் எதிரே போய் நிற்கும்வரை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தட்டிக்கொண்டே இருக்கிறார்.

இப்போதும் தட்டுகிறார். போகிறேன்.

அக்கா